நான் நீட்டிய இடைவெளி

பெரிய பயணிகள் விமானங்களின் இறக்கைக்குள் எரிபொருளுக்கென்று தனித் தொட்டி வைப்பதில்லை. இறக்கையின் உட்கூடுதான் தொட்டி. தகடுகளையும் உள்ளே இருக்கும் சட்டங்களையும் ஆயிரக்கணக்கான ஃபாஸ்ட்னர்கள் பிணைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. ஒவ்வொரு துளையும் எரிபொருள் கசியக்கூடிய வழி. அதனால் ஃபாஸ்ட்னரின் தலைக்கடியில் பாலிசல்ஃபைடு சீலண்ட் என்ற அடைப்புப் பசையைத் தடவி, அது காயும் முன்பே இறக்கி இறுக்குவார்கள். இறுகும்போது தலையைச் சுற்றிச் சீலண்ட் முழு வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். வளையம் அறுபட்ட இடத்தை நம்ப முடியாது. கசிவு மட்டுமல்ல, டைட்டானிய ஃபாஸ்ட்னரும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிபடத் தொடங்கும்.

பெங்களூருவை ஒட்டிய ஒரு விமானப் பாகத் தொழிற்சாலையில், இந்தத் தடவும் வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை அதைத் தூரிகையால் செய்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், பலர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள். நாள் முழுக்கக் குனிந்து, கையுறைக்குள் விரல் வேர்த்து, அந்தக் கந்தக வாடையிலேயே நிற்கும் வேலை. அதற்கு இயந்திரம் வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். துளையிட்ட கையோடு, துளை வாயின் சரிவில் இயந்திரத்தின் நாசில் சீலண்ட்டை ஒரு வளையமாக இடும். ஒவ்வொரு துளைக்கும் ஒரே அளவு. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

தவறு வேறு இடத்தில் நடந்தது. சீலண்ட் இரண்டு பொருள்களின் கலவை. கலந்த நொடியிலிருந்து அது இறுகத் தொடங்கிவிடும். டப்பாவில் பி-2 என்று போட்டிருந்தால் இரண்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று பொருள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் 25 டிகிரி வெப்பத்துக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் சொன்ன கணக்கு. வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினாலே நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால் சிக்கலில்லை. சாப்பாட்டு வேளையிலோ டிரில் மாற்றும்போதோ நின்றால், நாசிலுக்குள் இருக்கும் சீலண்ட் அங்கேயே முதிரும். அதனால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதை வெளியேற்றிக் கொட்டிவிட வேண்டும்.

கொட்டுவது காசு. அபாயக் கழிவாகவும் கணக்கில் ஏறும். மாதக் கூட்டத்தில் வீணாகும் சீலண்ட்டின் எடையைத் திரையில் காட்டினார்கள். அடுத்த மாதம் அதைக் குறைத்துக் காட்ட ஆசைப்பட்டேன். வெளியேற்றும் இடைவெளியை நீட்டினேன். பி-2 என்ற எழுத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டேன். ஷெட்டின் வெப்பம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. வீண் குறைந்தது, பாராட்டும் கிடைத்தது.

இயந்திரம் இறக்கிய ஃபாஸ்ட்னர்களின் உள்முனைகளுக்கு மேல்பூச்சு போடும் வேலையில் ஒரு அக்கா இருந்தார். தூரிகையில் எடுத்ததை விரலால் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுவார், பாகில் கம்பிப் பதம் பார்ப்பதுபோல. அவர் ஒருநாள் வந்து, “சார், மதியத்துக்கு மேல மெஷின்ல வர்றது பளபளன்னு இல்ல, நூல் இழுக்குது, ஒருக்கா பாருங்க” என்றார். திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. பம்ப் கொடுத்த அளவு சரி. கேமராவும் வளையம் முழுமை என்றது. அது உருவத்தைப் பார்க்கும்; உலோகத்தைப் பற்றுமா என்று பார்க்காது. இது எனக்குத் தெரியும். “பார்க்கிறேன்மா” என்றேன். பார்க்கவில்லை.

கசிவுச் சோதனையில் ஒரு பகுதி தோற்றது. உள்ளே காற்றழுத்தம் ஏற்றி வெளியே சோப்புத் தண்ணீர் தடவியபோது பல தலைகளின் ஓரத்தில் குமிழி வந்தது. காரணம் தேடும் கூட்டத்தில், மேல்பூச்சு சரியில்லையோ என்று ஒருவர் கேட்டார். வெறும் கேள்விதான். “இருக்கலாம்” என்றேன். அறிக்கையை எழுதியதும் நான்தான். காரணம் என்ற கட்டத்தில் ‘பணியாளர் கவனக்குறைவு’ என்று எழுதினேன். எழுதும்போதே அவர் சொன்னது காதில் இருந்தது. என் இடைவெளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

பழுது பார்க்கும்போது கசிந்த ஃபாஸ்ட்னர்களைக் கழற்றினோம். தலைக்கடியில் சீலண்ட் உலோகத்தில் ஒட்டாமல் முழுசாகக் கழன்று வந்தது. மேல்பூச்சு நன்றாகவே பிடித்திருந்தது. இயந்திரத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கழன்றவை எல்லாம் நீண்ட நேரம் நின்று மீண்டும் ஓடியபோது முதலில் இடப்பட்டவை. அதைப் பார்த்த பிறகும் இடைவெளியை மட்டும் சத்தமில்லாமல் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாராட்டு ஆசையில் ஒரு எண்ணை மாற்றியது பேதைமை. தெரிந்த பிறகு மூடியது வஞ்சனை. அதே நாட்களில் செய்த மற்றப் பகுதிகள் சோதனையில் தேறியிருந்தன. தேறியதாலேயே ஒட்டியிருக்கிறது என்று ஆகாது. அவை எரிபொருளைத் தாங்கிப் பறக்க வேண்டியவை.

தாமதமாகத்தான் தரப் பிரிவுத் தலைவரிடம் பதிவேட்டோடு போய்ச் சொன்னேன். அந்த வரிசைப் பகுதிகளை அனுப்பாமல் நிறுத்தி, சந்தேகப்பட்ட இடங்களைத் திறந்து பார்த்தார்கள். சிலவற்றை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. இப்போது வெளியேற்றும் நேரத்தை ஷெட்டின் வெப்பமும் ஈரப்பதமும் தீர்மானிக்கின்றன. நின்று ஓடினால் முதல் சில வளையங்கள் சோதனைத் தகட்டில்தான் விழும்.

திருத்திய அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. அந்த அக்காவின் கோப்பில் ஏறிய குறிப்பை நீக்கச் சொல்லி ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுதினேன், அவர் எங்கே இருக்கிறார் என்றும் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. திரும்பவும் எழுதியிருக்கிறேன்.