ஆற்றில் மூட்டிய அடுப்பு

சூரிச்

அன்புள்ள அத்தானுக்கு,

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வீட்டு மாடிக்கு ஒரு ஏசியும், அக்கா குளிக்க ஒரு கீசரும் வாங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். விலை விசாரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இன்று காலை இங்கே மைனஸ் 4 டிகிரி. நான் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஏசியின் வெளிப்பெட்டி போல ஒன்று சுற்றுகிறது, ஹீட் பம்ப் என்று பெயர். அந்தக் குளிர்காற்றிலிருந்தே சூட்டை எடுத்து உள்ளே அனுப்புகிறது. உறையும் காற்றில் ஏது சூடு என்று வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். குழாயில் ஓடும் திரவம் அந்தக் காற்றைவிடவும் குளிர்ந்தது. அதனால் காற்றின் சூடு அதில் இறங்கி, திரவம் ஆவியாகிறது. ஆவியைக் கம்ப்ரசர் நெருக்கினால் சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுமே, அதுபோல. மின்சாரத்துக்கு இதில் உங்கள் ஊர்ச் சாலைக் கம்போளத்துச் சுமட்டுக்காரர் வேலை: சரக்கை உண்டாக்குவதில்லை, சுமக்கிறது. ஒரு யூனிட் கூலிக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு வந்து சேர்கிறது.

இது புதுச் சரக்குமல்ல. லிம்மாட் ஆற்றங்கரையில் 1698-இல் கட்டி முடித்த நகரமன்றம் இருக்கிறது. நிலக்கரி வளமில்லாத நாடு. 1938-இல் ஆற்றுத் தண்ணீரின் சூட்டையே எடுத்து அந்தக் கட்டடத்தைக் கதகதப்பாக்கினார்கள். கோடையில் குளிர்விக்கவும் அதே இயந்திரம். 2001 வரை ஓடியது. அதற்கப்புறம் வைத்ததும் ஹீட் பம்ப்தான்.

உங்கள் ஏசியும் இந்த வம்சம்தான், ஒருவழிப் பாதையில் ஓடுகிறது, அவ்வளவே. அறையின் சூட்டை எடுத்துச் சந்தில் கொட்டும். எதிர்வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். எனக்குப் பெட்டி மாட்டிய ஆள் படுக்கையறைக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போனான். ஒரு மாதம் தூக்கமில்லை.

ஒரு பக்கம் சூட்டைக் காசு கொடுத்து வெளியே தள்ளி, மறுபக்கம் கீசரில் காசு கொடுத்துச் சூடு வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெந்நீருக்கும் ஹீட் பம்ப் கிடைக்கிறது. திருவனந்தபுரத்துக் காற்றில் அதற்கு வேலை சுலபம். கம்பிச்சுருள் கீசர் தின்னும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் விலை அதிகம், தொட்டி பெரிது, மெதுவாகத்தான் சுடும். உங்கள் இருவரின் குளியலுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடும் யோசனை இன்னும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஏசியில் என்ன வாயு என்றும் கேளுங்கள். ஆர்-32 கசிந்தால், அதே எடைக் கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். புரோப்பேன் அடைத்ததில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தீப்பற்றும் வாயு என்பதால் மாட்டுகிறவர் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

எத்தனை டன் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். தாத்தா காலத்து ஓட்டுக்கு அடியில் பலகை மச்சு இருந்ததே, வெயிலைப் பாதி அதுவே தடுக்கும். அது இன்னும் இருக்கிறதா, கான்கிரீட் போட்டுவிட்டீர்களா?