கால் பேசும் பாஷை

செஸ்னா 172-இல் சக்கரம் தரை தொட்டதும் மூச்சு விடலாம். சிட்டாப்ரியாவில் அப்போதுதான் வேலையே ஆரம்பம். அது வால்சக்கர விமானம். எடையின் மையம் இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும். மூக்கு லேசாகத் திரும்பினாலும் வால் முந்திக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். விட்டால் கிரவுண்ட் லூப்: விமானம் சுழன்று, இறக்கை தரையில் உரசி, சக்கரக்கால் மடங்கிவிடும்.

சிங்கப்பூரில் லீவு போட்டுவிட்டுப் பெர்த் பக்கத்து ஜண்டகோட்டில் பழகினேன். பயிற்றுநர் பின்சீட்டிலிருந்து ஒன்றையே சொல்வார்: "கால், கால்!" ரடர் பெடலை மிதித்தே வைத்திருக்கக் கூடாது, தட்டி, உடனே விடணும். கண்ணால் பார்த்து யோசித்துத் தட்டினால் லேட். விமானம் திரும்புவது முதலில் தெரிவது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். (சிரிக்காதீர்கள், நிஜம்.) நாலு பாடம் முடிந்தும் அது எனக்குப் பிடிபடவில்லை. 172-க்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாவது நாள் தெற்குக்காற்று ஓடுதளத்துக்குக் குறுக்கே, இடப்பக்கமிருந்து அடித்தது. இடது இறக்கையைத் தாழ்த்தினேன். இடது சக்கரம் தொட்டது, அப்புறம் வலது, கடைசியாக வால். கால்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தன.

பின்சீட்டில் சத்தமே இல்லை. ஓடுதளத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கேட்டார்: "இன்னொரு தடவை?"