கறுப்புத் திரையில் கடிதம்

வேங்கிக்கால்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அக்கா போனில் புலம்பித் தீர்த்துவிட்டாள், அதை நேரில் பேசிக்கொள்வோம்.

லேபில் கறுப்புத் திரை மட்டும்தான் இருக்கிறது, அதிலிருந்து மெயில் போகுமா என்று கேட்டிருந்தாய். போகும். 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் மெயிலை அனுப்பியதே கட்டளை அடித்துத்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது முதலில் கிடைத்த ஊர்களில் சென்னையும் ஒன்று. அங்கே படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு 'ஷெல் அக்கவுண்ட்' கிடைத்தது. மலிவு, ஆனால் படம் வராது. மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் இயந்திரத்துக்குள் இருப்போம். 'பைன்' என்று அடித்தால் கடிதங்கள் வரிசைகட்டி நிற்கும். முகவரி 'ஜியாஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்' என்று முடியும். தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம்.

இப்போது கடை லேப்டாப்பில் 'மட்' என்ற மெயில் புரோகிராம் வைத்திருக்கிறேன். அதை நான் படிக்க, எழுத மட்டும் பயன்படுத்துகிறேன். பெட்டியிலிருந்து மெயிலை இறக்குவது 'எம்பிசிங்க்', வெளியே அனுப்புவது 'போஸ்ட்ஃபிக்ஸ்'. ஜிமெயில் என்றால் உன் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' வாங்கிக்கொள். அதை ஃபைலில் வைத்தால் வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை மாற்றிவிடு, ஹாஸ்டல் பிள்ளைகளை நம்பாதே.

தமிழ்தான் கொஞ்சம் படுத்தும். மெயில் 7 பிட் எழுத்துக்காகப் பிறந்தது. 'அம்மா' என்று தலைப்பு வைத்தால், யூனிகோடில் அது 5 குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. 7 பிட்டுக்குள் அடக்க அதை பேஸ்64 ஆக்கினால் 20 எழுத்து. மூல வடிவத்தைத் திறந்து பார், நாலெழுத்துக்கு ஒருமுறை '4கே' என்று வரும். நம் எழுத்துகள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும், எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். மட் அதைப் பிரித்துத் தமிழாக்கிவிடும், ஆனால் பல டெர்மினல்களில் கொம்பும் காலும் தள்ளிப்போய் உட்காரும். 'எம்எல்டெர்ம்' போட்டுப் பார், ஓரளவு ஒழுங்காக வரும். ஜன்னலும் பொத்தானும் உள்ள மெயிலே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்கு இந்தக் கறுப்புத் திரை மெயில் வேண்டியிருப்பது வேறு காரணத்துக்காக. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்குக் கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் வேங்கிக்கால் வரைக்கும் சிக்னல் திணறும், கலெக்டர் ஆபீஸ் பக்கம் போன் பேசக்கூட முடியாது. அன்று வாட்ஸ்அப்பில் போட்டோ சுற்றிக்கொண்டே கிடக்கும். சில கேபி எழுத்து மெயில் கிடைத்த சந்தில் நுழைந்துவிடும். போகாவிட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தூக்கி எறியாது, க்யூவில் வைத்துக்கொண்டு 5 நாள் வரை மறுபடி மறுபடி தட்டும். ராத்திரி கடைக் கணக்கு பேக்கப் ஆனதும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'க்ரான்' எனக்கு மெயில் போடுவதும் இதே வழியில்தான். வராத அன்று நானே போய்ப் பார்க்கிறேன்.

லீவுக்கு வரும்போது உன் லேப்டாப்பைக் கொண்டு வா, உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். தீபத்தன்று கிளம்பாதே, பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரெண்டு நாள் முன்னாடியே வந்துவிடு. அத்தை முறுக்கு சுடுகிறாளாம்.

அன்புடன்,
மாமா