2008 ஜூலையில் உலகம் அழிந்த கதை



விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன போட்டுக் காட்டலாம் என்று சில பெற்றோர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஃபியூச்சர் போய் கோனன்’ ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர். 1978 ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை என்.எச்.கே. தொலைக்காட்சியில் 26 அத்தியாயங்கள் போனது. இயக்கியவர் ஹயாவோ மியசாக்கி. பின்னாளில் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கு ஒஸ்கார் வாங்கிய அதே ஆள்தான். அமெரிக்க எழுத்தாளர் அலெக்சாண்டர் கீ எழுதிய ஒரு நாவல்தான் கதைக்கு அடி.

4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட இந்தத் தொடரை ஜிகிட்ஸ் நிறுவனம் 2021இல் வட அமெரிக்காவில் புளூ-ரே தட்டாக வெளியிட்டது. கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தட்டுகளையும், லப்டொப்பில் கொழுவும் டிரைவையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். புளூ-ரே தட்டுகளுக்கு உலகத்தை மூன்று வலயமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் ஏ வலயம், நம்ம தெற்காசியா சி வலயம். அதனால் அங்கே வாங்கிய தட்டு இங்கே வாங்கும் பிளேயரில் ஓடாமல் போகலாம். யாரிடமாவது சொல்லி எடுப்பிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கடலின் நீலத்தையும் துருவின் சிவப்பையும் பார்த்தால் 45 வருடத்துக்கு மேல் பழைய வேலை என்று நம்ப முடியாது. பழைய ரீவி அளவிலேயே சதுரமாக விட்டிருக்கிறார்கள், இழுத்து அகலமாக்கவில்லை. பேச்சு ஜப்பான் மொழியிலும் ஆங்கிலத்திலும் உண்டு. தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தை நாங்கள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் பிள்ளைகள் பார்த்தார்கள்.

முதல் நாள், எண்பதுகளில் சவூதியில் வேலை செய்த எங்கள் சாச்சா எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்மட அத்னான் எல்லா!” என்றார். உண்மைதான். ‘அத்னான் வ லீனா’ என்ற பெயரில் அரபியில் குரல் கொடுத்து, அந்தக் காலத்து வளைகுடா ரீவியில் போட்ட தொடர் இது. கோனன் அங்கே அத்னான், லானா அங்கே லீனா. உங்கள் வீட்டிலும் வளைகுடாவில் இருந்து வந்த மூத்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கதைக்கு வருவோம். அணுகுண்டைவிடக் கொடிய காந்த ஆயுதங்களால் மனிதர்கள் போர் செய்கிறார்கள். பூமியின் அச்சே சரிந்து கண்டங்கள் கடலுக்குள் போகின்றன. இது நடந்ததாகத் தொடர் சொல்லும் மாதம் 2008 ஜூலை.

1978இல் ஜப்பானில் இருந்து யோசித்தவர்களுக்கு அது தூரத்து எதிர்காலம். வன்னியில் இருந்து பார்க்கிற நமக்கு அப்படி இல்லை. அந்த ஜூலை 16இல்தான் விடத்தல்தீவு இராணுவத்தின் கைக்குப் போனது. மன்னார்ப் பக்கத்துச் சனம் கிளிநொச்சியை நோக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. செப்டெம்பரில் ஐ.நா. ஊழியர்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். அடுத்த மே மாதம் முள்ளிவாய்க்கால். திரையில் அந்த வருடத்தைச் சொன்னதும் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

போர் முடிந்து இருபது வருடம் கழித்துக் கதை தொடங்குகிறது. கோனன் போருக்குப் பிறகு ஒரு சின்னத் தீவில் பிறந்தவன். மண்ணில் குத்தி நிற்கும் பழைய ரொக்கெட்தான் அவனுக்கும் தாத்தாவுக்கும் வீடு. மற்றப் பக்கம் இன்டஸ்ட்ரியா என்ற நகரம். குப்பைப் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி வந்து அதிலிருந்து எண்ணெயும் பாணும் செய்கிறார்கள். கடலில் தாண்ட கப்பல்களைக் கிண்டுகிறார்கள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. பழைய இரும்பு பொறுக்குவதையும், அதில் வெடிக்காத குண்டு இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரியாத பிள்ளை நம்ம பக்கம் உண்டா? 2006இல் முல்லைத்தீவுக் கரையில் தட்டி நின்ற ஜோர்தான் கப்பல் ஃபரா 3ஐயும், அது துருப்பிடித்துக் கிடந்ததையும் பெரியவர்கள் அவர்களுக்குச் சொன்னார்கள்.

எங்களை நிறுத்தி வைத்தது மொன்ஸ்லி என்ற பாத்திரம். இன்டஸ்ட்ரியாவின் அதிகாரி, துவக்கோடு வருகிறவள். மறுபடியும் போர் தொடங்கப் போகிறீர்களா என்று தாத்தா அவளை ஏசுகிறார். அவள் திருப்பிக் கேட்கிறாள்: போரைத் தொடங்கியது நீங்கள், பெரியவர்கள். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அதற்குள் நாங்கள் எப்படி உயிர் தப்பினோம் என்று உங்களுக்குத் தெரியுமா?

இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: “அப்ப எங்கட அம்மா பெரிய ஆளோ ரீச்சர்?”

அவனைக் கூட்டிப்போக வந்து படியில் இருந்த தாய் சொன்னா: “எனக்குப் பதினேழு வயசு மோனை. நானும் ஓடின ஆள்தான்.”

எங்கள் மகள் கேட்டாள்: “நீங்க அப்ப எங்கும்மா இருந்தீங்க?”

புத்தளத்தில் என்றோம். ஏன் புத்தளம் என்று அடுத்த கேள்வி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியதைச் சொன்னோம். நாங்கள் கைக்குழந்தைகளாகத் தூக்கிச் செல்லப்பட்டு, முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்ததைச் சொன்னோம். பையன் அதை முதல் தடவையாகக் கேட்கிறான் என்று முகம் காட்டியது. தாய் மெல்லச் சொன்னா: “எங்கட அம்மா சொல்லுவா. பக்கத்து வீட்டு உம்மா போகேக்க கோழியளை எங்களிட்டக் குடுத்திட்டுப் போனவ எண்டு.”

அந்த இடத்தில் 1990இல் பெரியவராக இருந்தது சாச்சா மட்டும்தான். அவர் ஒன்றும் பேசவில்லை.

மொன்ஸ்லி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே துவக்கு நீட்டுகிறாளே, அதுதான் தொடரின் கேள்வி. பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள் என்று நம்ம ஊரில் இரண்டு பக்கமும் சொல்கிறோம், இரண்டும் உண்மை. அதே வாயால் காணி வேலியிலும், கிணற்றடியிலும், மீள்குடியேற்றப் பட்டியலிலும் மற்றவரை “வந்தவர்கள்” என்கிறோம். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள் என்ற பேச்சு இந்த விசயத்தில் செல்லாது. இப்போது நாங்கள்தான் பெரியவர்கள். கதை நடக்கும் 2028க்கும் அதிக நாள் இல்லை. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் மொன்ஸ்லி கேட்டதை அப்போது எங்களிடம் கேட்பார்கள்.

மொன்ஸ்லி கடைசிவரை அப்படியே இருப்பதில்லை. எப்படி மாறுகிறாள் என்பதைச் சொல்லிக் கெடுக்க மாட்டோம். நீண்ட உபதேசம் எதுவும் இல்லை. கோனன் யாரையும் பழைய கணக்கு வைத்து அளக்காதது முக்கிய காரணம்.

குறையும் சொல்ல வேண்டும். நடுவில் சில அத்தியாயம் இழுபடுகிறது. பன்றி வேட்டை வருகிறது, சிறுவர்கள் புகையிலைக்கு ஆசைப்படும் இடமும் வருகிறது. பக்கத்தில் இருந்து விளக்குங்கள். தாத்தா மௌத்தாகும் இரண்டாம் அத்தியாயம் சின்னவர்களை அழவைக்கும். எட்டு வயதுக்கு மேல் என்றால் நல்லது. போரில் நேரடியாக அடிபட்டவர்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது, இரவல் கொடுப்பதில்லை. வெள்ளி, சனி இஷாவுக்குப் பிறகு இரண்டு இரண்டு அத்தியாயமாகப் போடுகிறோம். எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். பாய் கொண்டு வாருங்கள், தேத்தண்ணி நாங்கள் தருகிறோம். முடிந்தால் உம்மம்மாமாரையும் அம்மம்மாமாரையும் கூட்டி வாருங்கள். கோழி கொடுத்த கதைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

வஸ்ஸலாம்.