நீருக்கடியிலிருந்து ஒரு ஸலாம்

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் மஸ்கெலியா சென்றிருந்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் குடும்பத்தார் பல வருடங்களாக அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. இருபுறமும் தேயிலை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து கிள்ளும் சகோதரிகளைக் காணும்போது, நாம் குடிக்கும் தேநீரின் விலை வேறு என்று தோன்றியது.

பெருநாள் வீட்டில் மகிழ்ச்சி இருந்தது. தாயாரின் முகத்தில் மட்டும் அது இல்லை. என் மாணவர் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில், சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் சுழியோடியாக வேலை செய்கிறார். அரபா நாளன்று வந்துவிடுவதாகச் சொன்னவர், பெருநாள் தொழுகையும் முடிந்த பிறகுதான் வீடு வந்து சேர்ந்தார்.

"முந்தின நாளே வேலை முடிஞ்சிட்டாம். ஒரு நாள் முழுக்கச் சும்மா அங்கேயே இருந்திருக்கான் ஹஸரத். உம்மா நினைப்பு இருந்தா இப்படிச் செய்வானா? நீங்களே கேளுங்க" என்றார் அந்தத் தாய்.

அஸருக்குப் பின் எல்லோருமாக மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போனோம். 1969-இல் இங்கே நீர் தேக்கியபோது பழைய மஸ்கெலியா நகரம் அடியில் போய்விட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். தூரத்தில் பாவா ஆதம் மலை மேகத்துக்குள் நின்றது. அங்கே வைத்துத்தான் தாமதத்தின் காரணத்தைக் கேட்டேன்.

"சோடாப் போத்தலைத் திறந்தால் நுரை பொங்குமே ஹஸரத், அதுதான் காரணம்" என்றார். ஆழத்தில் நீரின் அழுத்தத்தால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் அதிகமாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டால் இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகும். வலி, மரத்துப்போதல், சில வேளை பக்கவாதம்கூட வரலாம். கரையேறிய பிறகும் உடம்பில் மிச்சம் இருக்கும். அதனால் ஒரு முறை சுழியோடியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை சுழியோடியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறலாம் என்பது பொதுவான அறிவுரை. மலையிலும் காற்றழுத்தம் குறைவு. ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். மலைநாட்டுப் பிள்ளைக்கு வீடு திரும்புவதே விமானம் ஏறுவது போலத்தான்!

பிறகு பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். ஆள் உயரத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் நீண்ட குழாய்போன்ற பை. அடியில் மெல்லிய கயிறு, கயிறு சுற்றிய ஒரு ரீல். சுழியோடிகள் மேலே வருமுன் சுமார் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவார்கள். மேலே மீன்பிடிப் படகுகள் ஓடும். அடியில் ஆள் இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. தலை தூக்கும் இடத்தில் இயந்திரத்தின் விசிறி வந்தால் கதை முடிந்தது. ஆகவே முதலில் இந்த மிதவையை அனுப்ப வேண்டும்.

அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மேலே படகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையின் வாயில் கொஞ்சமே காற்று விட வேண்டும். 10 மீட்டரில் விட்ட ஒரு லீட்டர் காற்று, மேலே போய்ச் சேரும்போது இரண்டு லீட்டராக விரியும். ரீலை உடம்போடு மாட்டிக்கொள்ளக் கூடாது. கயிறு சிக்கினால் விட்டுவிட வேண்டும். இல்லையேல் பை ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் அந்த மலையைப் பார்த்தேன். 1344-இல் அதில் ஏறிய இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக் குளிப்பவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார்கள். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார்கள். மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுத்துக்கொள்வார். அன்று கயிறு, இன்று ஆரஞ்சுப் பை. கீழே இருப்பவர் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் கவனிக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி அனுமதி பெற்றே நுழையும்படி மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. இந்த மிதவையும் ஒரு ஸலாம்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, 18 மணி நேரம் காத்திருப்பதும் அந்தக் கட்டில் சேர்ந்ததே.

தாயார் அந்தப் பையைத் தடவிப் பார்த்தார். "இதை மேல யாரு மகன் பார்ப்பாங்க?"

"படகுக்காரர் பார்த்துக்கிட்டே இருப்பார் உம்மா."

"இதை ஒரு போன் போட்டு எனக்கும் சொல்லியிருக்கலாமே. நானும் வாசலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மாணவர் தலை குனிந்தார். படகுக்குத் தவறாமல் அடையாளம் அனுப்பியவர், வீட்டுக்கு அனுப்ப மறந்திருந்தார். அடுத்த பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தியே கடல் வேலையை நிறுத்திவிடுவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

சகோதரிகளே! தூரத்தில் உழைக்கும் பிள்ளை தாமதித்தால், அன்பு குறைந்துவிட்டதென்று முடிவு கட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளைகளே! தாமதிப்பதானால் ஒரு வார்த்தை முன்கூட்டியே அனுப்புங்கள். கடலிலும் கரையிலும் இருக்கும் நம் மக்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.