மூணுக்கு ஒண்ணு

மூணு வருஷம் வேலை பார்த்தா ஒரு வருஷம் படிச்சதுக்குச் சமம். நான் சொல்லலைங்க, அமெரிக்கக் குடியேற்றத் துறை சொல்லுது. டிகிரி இல்லாத ஒருத்தரை ஹெச்1பி-யில கூட்டிட்டுப் போகணும்னா அனுபவத்தை இப்படித்தான் மாத்திப் பார்ப்பாங்க. நாலு வருஷ பி.ஈ.க்கு ஈடா 12 வருஷம் பொட்டி தட்டியிருக்கணும். அதுவும் வெறும் வருஷக் கணக்கு பத்தாது, ஆளுக்கு விஷயம் தெரியும்னு துறையில இருக்கறவங்க அத்தாட்சியும் வேணும்.

எங்க டீம்ல ஒரு அண்ணன் இருக்கார். பத்தாவது முடிச்சு தரமணியில டிப்ளமோ, அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்ப்யூட்டர் ரிப்பேர், அப்படியே சாஃப்ட்வேர். மொத்தம் 16 வருஷம். ஒருதடவை ராத்திரியானா சர்வர் தொங்கிடும். பி.ஈ. படிச்ச நாங்க மூணு பேர் ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டோம். அண்ணன் லாகை ஒருதடவை ஓட்டிப் பார்த்தார். "தம்பி, எரர் வந்தா டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூடாமலே வெளிய வந்துடறீங்க பாருங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

மூணுக்கு ஒண்ணு கணக்குல அவர் பி.ஈ. முடிச்சு, எம்.ஈ. முதல் வருஷத்தையும் தாண்டியிருப்பார் :-)

ஆனா நம்ம ஊர்ல அந்தக் கணக்கு கூட கிடையாது. போன வருஷம் ஒரு பெரிய கம்பெனிக்கு அவரை ரெஃபர் பண்ணினேன். பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி எல்லாத்துலயும் 60 சதவீதம் வேணுமாம். டிப்ளமோக்காரருக்கு ஏதுங்க பன்னெண்டாவது? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா ஃபார்ம் சப்மிட்டே ஆகலை. ஒரு மனுஷன் கூட அவர் ரெஸ்யூமைப் பார்க்கலை.

முன்னாடி இவங்களுக்கு ஏ.எம்.ஐ.ஈ.ன்னு ஒரு வழி இருந்தது. பகல்ல வேலை, ராத்திரி படிப்பு. செக்‌ஷன் ஏ, பி ரெண்டும் பாஸ் பண்ணிட்டா பி.ஈ.க்குச் சமம்னு மத்திய அரசு ஒத்துக்கிட்டது. 2013 மே 31 வரைக்கும் சேர்ந்தவங்களோட அதுவும் முடிஞ்சுது. அண்ணன் அதுக்கப்புறம்தான் விசாரிச்சிருக்கார்.

டிகிரியே வேணாம்னு செஞ்சு காட்டினதும் சென்னைதான். ஜோஹோ, அட்வென்ட்நெட்டா இருந்த காலத்துலயே, ப்ளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து ட்ரெயினிங் தர ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம். ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி. மெட்ராஸ், பிரின்ஸ்டன்ல பிஹெச்.டி. அந்த ரெண்டும் கையில இருக்கறவர் சொன்னா ஊர் கேட்குது. அண்ணன் சொன்னா சாக்குன்னு நினைச்சுக்கும். தவிர, அந்தப் பள்ளி சின்னப் பசங்களுக்கு. 36 வயசு, எல்.கே.ஜி. போற பொண்ணு, வீட்டு லோன் எல்லாம் வச்சிருக்கறவருக்கு இல்லை.

அதனால ஐ.ஐ.டி. மெட்ராஸோட ஆன்லைன் பி.எஸ்.ல சேர்ந்திருக்கார். பைத்தான் பாடமும் உட்கார்ந்து கேட்கறார், பாவம். ஆனா ப்ராபபிலிட்டி அவருக்கு நிஜமாவே புதுசு. அடையார் டெப்போ பக்கத்து டீக்கடையில டிஷ்யூ பேப்பர்ல கணக்கு போட்டு என்கிட்ட கேட்பார். ரெண்டு மாசம் கழிச்சு, எங்க சர்வர் அலர்ட்ல பாதியைத் தூக்கிட்டார். "இதெல்லாம் சும்மா கத்துது தம்பி, இப்பத்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன்."

அடுத்த பரீட்சை ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு ஆன்-கால் அவருக்கு. நான் வாங்கிக்கிட்டேன்.