ஏட்டின் மேல் ஏறிய சந்தனம்

மடத்தின் பின்கட்டில் நீளமான ஓர் அறை. ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்த இடமாம். இப்போது இரண்டு மேசை, ஒரு கழுத்து நீண்ட விளக்கு, தரையில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் வரிசையாகச் சுவடிக் கட்டுகள். சித்திரை வெயிலிலும் மின்விசிறி ஓடவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள், "ஃபேன் போட்டா ஏட்டுத் துண்டெல்லாம் பறந்துடும் சார்" என்றார் அந்தப் பெண்மணி. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கோயில், மடம், பழைய குருக்கள் வீடு என்று கூப்பிட்ட இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவடிகளைச் சுத்தம் செய்து, செப்பனிட்டு, படமெடுத்துக் கொடுப்பது அவர் தொழில். பெயர் போட வேண்டாம் என்று அவரும் சொன்னார், காவிரிக்கரை மடம் என்பதற்கு மேல் எழுத வேண்டாம் என்று மடத்தாரும் சொன்னார்கள்.

முதல் கட்டை இரு கையாலும் ஏந்தி எடுத்து வைத்தார். பட்டுத்துணியை விலக்கியதும் சட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை. மேல் மரச்சட்டம் முழுவதும் காவியும் மஞ்சளுமாகக் கனத்த காரை. சந்தனம், மஞ்சள், குங்குமம், மறுபடி சந்தனம். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் ஒரு பூச்சு. ஓரத்தில் காரை பெயர்ந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மரத்தை அறுத்து வளையம் எண்ணுவதுபோல் எத்தனை பூஜை என்று எண்ணிவிடலாம்.

"கரையானைவிட இதுதான் எனக்குப் பயம்" என்றார். சந்தனம் நீரில் குழைத்தது. சட்டத்தில் பூசும்போது பக்கவாட்டில் வழிந்து ஏடுகளுக்கு நடுவே இறங்குகிறது. காயும்போது பத்து ஏட்டை ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, பூஞ்சை இருக்கும் இடத்தைப் பூச்சி தேடி வருகிறது. எதிரே கற்பூரப் புகை, எண்ணெய் விளக்கின் கரி. சாமி அறையில் இருந்த கட்டுக்குத்தான் எப்போதும் சேதாரம் அதிகம் என்கிறார். பரணில் யாரும் தொடாமல் கிடந்தது பல சமயம் பிழைத்திருக்கிறதாம்.

வேலையை ஆரம்பிக்கும் முன் எழுத்து வேலை. கட்டின் நீளம், அகலம், ஏட்டின் எண்ணிக்கை, துளை எத்தனை, கயிறா நாராசமா, எங்கெங்கே ஒடிவு எல்லாம் பதிவேட்டில் ஏறுகிறது. இருந்தது இருந்தபடி படம் எடுக்கிறார். இந்தக் கட்டுக்குக் கயிறு. நுனியில் கிளிமூக்குப் போல வெட்டிய ஓலைத்துண்டு அப்படியே இருந்தது. அதற்கும் ஒரு வரி எழுதினார்.

அப்புறம் தூரிகை. பூனை முடி போன்ற மெல்லிய தட்டைத் தூரிகையால் ஏட்டின் நீளவாக்கில், நரம்போடு சேர்த்துத்தான் தள்ள வேண்டும். குறுக்கே இழுத்தால் நார் பிரிந்துவிடும். எரிசாராயத்தில் சரிபாதி வாலைவடிநீர் கலந்து பஞ்சில் தொட்டு, கசக்கிப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுக்கிறார். வெறும் தண்ணீர் ஆகாது, சீக்கிரம் ஆவியாக வேண்டும். பஞ்சு முதலில் மஞ்சளாக, அடுத்தது பழுப்பாக, கடைசியில் லேசான சாம்பலாக வந்தது. அதோடு நிறுத்திவிட்டார். இன்னும் வெளுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வெளுத்தால் ஓலையின் தோலும் சேர்ந்து போகும் என்றார்.

எழுத்து எங்கே? வெறும் ஓலையாகத்தான் தெரிந்தது எனக்கு. எழுத்தாணி மையில்லாமல் கீறுவது. கீறலில் அடைத்த கரி உதிர்ந்துபோனால் எழுத்து கண்ணுக்குப் படாது. கோவை இலைச்சாறும் ஊமத்தைச் சாறும் கரியில் கூட்டித் தடவியது பழைய வழக்கம். இவர் விளக்குக் கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்து ஏடு முழுக்கத் தேய்த்தார். ஏடு கன்னங்கரேலென்று ஆயிற்று. சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்தார். மேல்பரப்புக் கரி துணியோடு போக, கீறலில் இறங்கியது நின்றது. ஏழு வரி. எறும்பு ஊர்கிற அளவு எழுத்து. இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மடத்து ஓதுவார் அரை வரியிலேயே எந்தப் பதிகம் என்று சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டியவர். புள்ளி இல்லை, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கிறது, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு இல்லை. மனப்பாடம் உள்ளவருக்குத்தான் அந்த வேகம் வரும். ஓரிடத்தில் நிறுத்தி, "இது தப்பு. ஏடு எழுதினவன் தூங்கிட்டான்" என்றார். பெண்மணி மறுத்துப் பேசவில்லை. ஏட்டில் உள்ளதை உள்ளபடி குறித்துக்கொண்டு, ஓதுவார் சொன்னதைப் பக்கத்தில் தனியாகக் குறித்தார்.

எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு வேறு வேலையும் உண்டு. காய்ந்து முறுகிய ஓலைக்கு வளையும் தன்மை திரும்புகிறது, பூச்சிக்கும் அந்த வாடை ஆகாது. அதிகம் தடவினால் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒற்றி எடுத்துவிடுகிறார். எண்ணெய் புதுச் சங்கதி இல்லை. தில்லையில் புற்று மூடிக் கிடந்த தேவார ஏடுகளை மீட்டபோது எண்ணெய் சொரிந்துதான் மண்ணை நீக்கினார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் நின்ற அந்தக் காட்சியை இதுவரை பக்திக் கதையாகத்தான் கேட்டிருந்தேன். இந்த அறையில் நின்றபோது அது வேலை தெரிந்த எவரோ சொல்லிக்கொடுத்த கதையாகவும் பட்டது.

தில்லைக் கதையின் சோகம், செல் அரித்தது போகக் கிடைத்தது கொஞ்சம் என்பது. அதைவிட எனக்கு உறுத்துவது கரிவலம்வந்தநல்லூர். ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்கு அந்தக் கோயிலில் கிடைத்த பதில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்பது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதைகளும் உண்டு. நாம் இதை அறியாமை என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊர் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் பனையோலை சுமார் 300 வருஷம் தாங்கினால் பெரிது. நைந்துபோகும் முன் புது ஓலையில் படியெடுப்பார்கள். படியெடுத்த பிறகு பழையதை நெருப்புக்கோ நீருக்கோ கொடுப்பது மரியாதை, இறந்தவருக்குச் செய்வது போன்ற கடமை. 1835இல் அச்சுக்கூடம் வைக்க இந்தியர்களுக்கு இருந்த தடை நீங்கி, அந்த நூற்றாண்டிலேயே படியெடுக்கும் கை மெல்ல ஓய்ந்தது. பழையதைக் கழிக்கும் கை ஓயவில்லை. பாதிச் சடங்கு நின்று மீதிப் பாதி நடந்துகொண்டே இருந்ததுதான் விபரீதம். இனி யாரும் இந்த ஏட்டுக்கு மறு ஏடு எழுதப்போவதில்லை. இந்தப் பெண்மணியைப் போன்றவருக்கு வேலை வந்தது அதனால்தான்.

இரண்டாவது மேசைக்கு வந்தோம். யாரோ முன்பு செய்த 'ரிப்பேர்' அங்கே காத்திருந்தது. ஒடிந்த ஏட்டைச் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நாடா உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் பழுப்பாக ஓலைக்குள் ஊறி நின்றது. எழுத்தைத் தொடாமல் அதைக் கரைப்பது பெரிய பாடு என்றார். இவர் ஒட்டுப்போட்ட ஏட்டையும் காட்டினார். கட்டின் கடைசியில் எழுதாமல் விட்டிருந்த வெற்றோலையை நரம்பு பார்த்து வெட்டி, ஓட்டையில் பொருத்தி, பின்னால் மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளால் தாங்கல். ஒட்டியது மெத்தில் செல்லுலோஸ் பசை. ஈரப்பஞ்சு வைத்தால் நாளைக்கே எடுத்துவிடலாம். "எனக்கப்புறம் வர்றவங்க என்னைவிட விவரமா இருப்பாங்க. அவங்க பிரிக்கிற மாதிரி விட்டுட்டுப் போகணும்."

மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கட்டுகளைப் பற்றிக் கேட்டேன். மடத்துப் பழைய பட்டியலில் அவற்றுக்குச் 'சில்லறை' என்று பெயர். பிரித்தால் எல்லாம் கணக்கு. எந்தச் சன்னதிக்கு எவ்வளவு படித்தரம், எந்த நிலத்திலிருந்து எத்தனை கலம் நெல், திருவிழாவில் தேருக்கு வடம் யார் கொடுத்தது என்று போகிறது. பதிகமாவது அச்சில் இருக்கிறது, இதற்கு இந்த ஒரு பிரதிதான். அவற்றை முதலில் படமெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மடத்தாருக்குத் திருமுறைதான் முதலில். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதாக உடன்பாடு. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்களிலுள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் மடத்தில் பழைய பெட்டிகளையே திறந்து பார்த்தார்களாம்.

திரும்ப வைப்பதற்குப் புதுப் பருத்திக் கயிறு, ஏட்டைவிட அகலமான சட்டம், சாயம் போகாத பருத்தித் துணி. கட்டை இறுக்கக் கூடாது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் பொடித்துக் கட்டிய சிறு முடிச்சு அலமாரியில். தஞ்சை சரஸ்வதி மகாலில் புழங்கும் கைப்பக்குவம் அது.

சந்தனப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. ஏட்டில் இறங்கியதை எடுத்துவிட்டார், சட்டத்தில் இருந்ததைத் தொடவில்லை. அதுவும் இந்தக் கட்டின் சரித்திரம்தானே என்றார். வரும் சரஸ்வதி பூஜைக்கு என்ன செய்வது? கட்டை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துவிடலாம், பூச்சைப் பெட்டிக்குப் பூசலாம் என்றார்.

"பெட்டிக்குப் பூசினா அது புஸ்தகத்துக்குப் பண்ற பூஜை ஆகுமாம்மா?" என்றார் ஓதுவார்.

"சாமிக்குக் கவசம் சாத்திட்டு அதுக்கு மேலதானே ஐயா சந்தனம் வைக்கிறீங்க?"

ஓதுவார் சற்று யோசித்தார். "அப்போ பெட்டி தேக்குல இருக்கணும். பலாப்பலகை, பிளைவுட்டுன்னு எதையாவது கொண்டு வந்துடாதீங்க."

பெண்மணி பதிவேட்டில் 'தேக்கு' என்று எழுதி, மடத்துக் கணக்குப்பிள்ளையிடம் விலை கேட்கச் சொல்லி ஆளனுப்பினார்.